எரிந்த டிராக்டர் விலைக்கு வருகிறது

பிப்ரவரி 9

என்னங்க,

கடிதத்தில் உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிற சொல்லையே எழுதிவிட்டேன். சிறையில் கடிதங்களைப் படித்துப் பார்க்கிற அலுவலர் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நவம்பரில் உங்களைப் பார்க்க வந்தபோது பாதிப் பேச்சில் எழுந்து போனீர்கள். ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறி வந்தவளிடம் முதுகைக் காட்டினீர்கள். அதைப் பற்றிப் பேச இப்போது எழுதவில்லை. ஒரு யோசனை கேட்க வேண்டும்.

முதலாளி அந்த டிராக்டரை விற்கிறார்.

இரண்டு வருடமாகக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. அவருடைய மருமகன் புது வண்டி எடுத்துவிட்டான், நிறுத்த இடம் வேண்டுமாம். பழைய இரும்புக்காரனிடம் பேசியிருக்கிறார்கள். மார்ச் முப்பதாம் தேதி லாரி வரும், துண்டு துண்டாக வெட்டி ஏற்றிப்போகும். இரும்புக்காரன் எடைக்குக் கொடுக்கிற விலையை நான் கொடுத்தால் எனக்குத் தருவாரா என்று கேட்கலாமென்று இருக்கிறேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். நம் நிலம் இரண்டு போகமாகச் சும்மா கிடக்கிறது. உழுவதற்கு ஆள் வரவில்லை. வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இங்கே நான்கு பேர். முதலாமவர் வண்டி ரிப்பேர் என்றார், அன்று மாலையே அதே வண்டி பக்கத்து நிலத்தில் ஓடியது. இரண்டாமவர் கதவைத் திறக்காமலே பதில் சொன்னார். மூன்றாமவர்தான் நேருக்கு நேர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா வண்டி வச்சிருக்கிற எவனும் அந்த நிலத்துல இறங்க மாட்டான்." நான்காமவரிடம் நான் போகவில்லை. கிழங்குக் கிடங்கில் பெல்ட் முன்னால் எட்டு மணி நேரம் நின்று அழுகலைப் பொறுக்கி எறிகிறேன். அதில் எங்கள் இரண்டு வயிறு நிரம்புகிறது. மகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கப் போதவில்லை.

வயரிங் கோளாறால் எரிந்தது, நான் கொளுத்தவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். தீப்பிடித்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள் என்று நானும் கூண்டில் ஏறிச் சொன்னேன். செய்யாத தப்புக்கு நாம் ஏன் கூச வேண்டும்? பதினோரு வருடம் நீங்கள் ஓட்டிய வண்டி. அதன் எலும்பு நரம்பெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்கலாமா, சரி பண்ணினால் ஓடுமா என்று எழுதுங்கள்.

உங்கள் கீச்சு


பிப்ரவரி 21

கீச்சு,

வேண்டாம். அந்தச் சனியனைத் தொடாதே.

நெருப்பில் வெந்த இரும்பு வெளியே பார்க்க இரும்பாகத்தான் இருக்கும், உள்ளே சொத்தையாகியிருக்கும். பாரம் ஏற்றினால் ஒருநாள் உன் காலடியிலேயே விட்டுக்கொடுக்கும். வயர், டயர், ரப்பர், ஆயில் சீல், எல்லாமே போயிருக்கும். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது நல்லபடியாக இருந்தபோதே குளிர்காலத்தில் மூன்று முறை முனகாமல் கிளம்பாது. மேட்டு நிலத்தில் கலப்பை இறங்கியதும் இடது பக்கம் ஒரு சாய் சாயும், திருப்பிக் கொடுத்தால்தான் நேராகப் போகும். அதெல்லாம் தெரிந்தவன் கையில்தான் அது வேலை செய்யும்.

மேல்முறையீடு நடந்துகொண்டிருப்பதையும் மறந்துவிட்டாய். வண்டி கிடக்கிறபடியே கிடக்கட்டும், நிபுணரை வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். லாரி வருவதற்குள் அவர் தடை வாங்கப் பார்ப்பார், நீ பிரித்துப் போட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

இன்னொன்று. என்னை எடைமேடையில் அத்தனை பேர் முன்னால் நிறுத்தி டீசல் திருடன் என்றவர் அந்த முதலாளி. பதினோரு வருட வேலையை ஒரு நிமிடத்தில் பிடுங்கிச் சாவியை மருமகன் கையில் கொடுத்தார். அவர் வாசலில் போய் என் மனைவி கை நீட்டி நிற்க வேண்டாம்.

இங்கே என்னைத் துணி வெளுக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நவம்பரில் நடந்ததற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மகளுக்குச் செருப்பு அளவு என்ன?


மார்ச் 4

என்னங்க,

கை நீட்டவில்லை. விலை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

முதலாளி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். முதலாளியின் கைகளை நான் இதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை. கோர்ட்டில் கட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளங்கை இரண்டும் மெழுகு உருகி இறுகியதுபோல் இருக்கின்றன, விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை. எரிகிற வண்டியை வெளியே தள்ளப் பார்த்தபோது ஸ்டீரிங் உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டதாகச் சொன்னாரே, அதைக் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கையைப் பார்த்தேன்.

அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். முதலாளி கேட்டார், "வாங்கி என்ன பண்ணப் போற?"

"உழப் போறேன்" என்றேன்.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாரு. முப்பதாம் தேதி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் லாரி வந்துடும்" என்றார்.

ஒற்றைக் கண்ணாடியைக் கூட்டிப்போனேன். உங்களுக்குத் தெரியும், மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டு வருடக்கணக்காக மாற்றாத அதே மெக்கானிக். தார்ப்பாயைத் தூக்கியதும் வந்த நாற்றத்தை எழுத முடியவில்லை. இடது பின்சக்கரத்தில் டயரே இல்லை, வெறும் கம்பிச் சுருள். மட்கார்டு வளைந்து வாழைப்பழத் தோல்போலத் தொங்குகிறது. வலது பக்கம் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. அவர் முன்பக்கத்துப் பெரிய போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, உடம்பு முழுக்கத் தொங்கினார். முதலில் அசையவில்லை. பிறகு உள்ளே எஞ்சின் உறுமிக்கொண்டு கால் சுற்றுச் சுற்றியது. "செத்த பிணம் இல்லம்மா இது, மயக்கத்துல கிடக்கு" என்றார்.

ஆனால் டீசல் டேங்க்கைத் தட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. டேங்க் எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கிறது. தீப்பிடித்த அன்று சாயங்காலம் தன் கையாலேயே முழுக்க நிரப்பியதாக முதலாளி சொல்கிறார். ஒற்றைக் கண்ணாடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நிறைஞ்ச டேங்க் எரிஞ்சிருந்தா சூடெல்லாம் எஞ்சின் தலையில இறங்கியிருக்கும். இப்ப சுத்தும், பாரம் ஏத்துனா விரியும். அப்படின்னா நான் கை வைக்க மாட்டேன், நீயும் பணத்தைக் கொட்டாத. ஆனா டேங்க் வெடிக்கலை, அடியில கருகலும் இல்லை. காலியா இருந்திருக்குன்னு என் மனசு சொல்லுது. மனசு சொல்றதை நம்பி உன்னை வாங்கச் சொல்ல முடியாது. தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும்."

தெரிந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று டேங்க்கில் டீசல் இருந்ததா, இல்லையா?


மார்ச் 12

கீச்சு,

எனக்கு எப்படித் தெரியும்? தீப்பிடிப்பதற்கு எட்டு நாள் முன்பே என்னை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. தீப்பிடித்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். நீயே சாட்சி.

அந்த மெக்கானிக் பேச்சை விடு. வேறு வழி பார்.


மார்ச் 17

என்னங்க,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'நீயே சாட்சி' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் எதற்குச் சாட்சி என்று எழுதுகிறேன். அன்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி எட்டாகப் பத்து நிமிடம். நான் கோர்ட்டில் ஆறு என்றேன். உங்கள் சட்டைக் கை இரண்டும் முழங்கை வரை ஈரம். துணி துவைக்கும் சோப்பு வாசனை அடித்தது. "ஏன் நனைஞ்சிருக்கு" என்று கேட்டேன். "குழாய்ல கை கழுவுனேன்" என்றீர்கள். சாப்பிடாமல் படுத்தீர்கள். போலீஸ் வந்தபோது அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் ஆறு மணி என்றேன். நீங்கள் சொல்லச் சொல்லவில்லை. அதனால் உங்கள்மேல் பழி போடவில்லை. பதினோரு வருடம் அந்த வண்டியைக் குளிப்பாட்டித் துடைத்த மனிதர் அதற்குத் தீ வைக்க மாட்டார் என்று நினைத்தேன். நேரத்தில்தான் பொய் சொல்கிறேன், விஷயத்தில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதை அலுவலர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மகளை வகுப்பில் தீப்பெட்டி என்று கூப்பிடுகிறார்கள். ஆறு மாதமாகவாம். போன வாரம்தான் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அவளும் பழகிவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பரில் நீங்கள் எழுந்து போனது எந்தக் கேள்விக்கு என்று இப்போது நினைவு வருகிறது. "அன்னைக்கு எங்க கை கழுவுனீங்க" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

டேங்க் நிறைந்திருந்தது என்றால் நான் வாங்கவில்லை. நிலத்தைக் கிடைக்கிற விலைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கிடைத்த இடத்தில் மகளோடு இருந்துகொள்கிறேன். காலி என்றால் வாங்குகிறேன். அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்க மாட்டேன், கேட்கத் தேவையும் இருக்காது. முப்பதாம் தேதி லாரி வரும். ஒரு வார்த்தை போதும்.


மார்ச் 23

கீச்சு,

காலி. நான்தான் காலி செய்தேன்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் மெக்கானிக்குத் தெரிய வேண்டியது இன்னும் இருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

டேங்க் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து இரண்டு கேனில் பிடித்தேன். கடைசிச் சொட்டு வரை நின்று பிடித்தேன். டேங்க் வெடித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி வீட்டார் படுக்கிற அறை. அது மனதில் இருந்தது. அதனால் குடித்திருந்தேன், என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அந்த டீசலில் நான்கு சாக்கை நனைத்து இடது பக்கம், கிளட்ச் மிதி இருக்கிற பலகையின்மேல் போட்டேன். தீ அங்கேதான் ஆரம்பித்தது. கொட்டகைக் கதவு வலது பக்கம் திறந்திருந்ததால் காற்று இடப்பக்கமாகவே தள்ளியிருக்கும். எஞ்சின் வரை சூடு போயிருக்கும், ஆனால் மேலிருந்து இறங்கியிருக்காது. கிளட்ச் பெட்டியில் இருக்கிற சீல்களை மாற்றச் சொல். டேஷ்போர்டு வயர் முழுக்கப் போயிருக்கும். எஞ்சின் தலை நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினோரு வருடத்தில் அவருடைய டீசலில் ஒரு சொட்டு நான் எடுத்ததில்லை. இதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை. எடுத்தது அந்த ஒரு நாள்தான்.

வாய்க்கால் கரையில் நின்று பார்த்தேன். வண்டி மட்டும் எரியும், அவர் வயிறு எரியும், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் உள்ளே ஓடியதைப் பார்த்தேன். அந்த வண்டிமேல் உயிரை வைத்திருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். பற்றி எரிகிறதைப் பிடித்து இழுக்க இன்னொரு மனிதன் ஓடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வாய்க்கால் படியில் யாரோ விட்டுப்போன துணிச் சோப்பால் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு அலுவலர் என்னைக் கூப்பிட்டார், மீதியை அவர் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். வயதானவர், என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. "இதை அனுப்புனா உன் அப்பீல் போச்சு. அனுப்பவா, கிழிக்கவா?" என்று கேட்டார். முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேருமா என்று கேட்டேன். இன்றைய தபாலில் போட்டால் சேரும் என்றார்.


ஏப்ரல் 11

என்னங்க,

உங்கள் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்து சேர்ந்தது.

அன்று முழுக்க பெல்ட் முன்னால் நின்றேன். நல்ல கிழங்கையெல்லாம் எறிந்துவிட்டு அழுகலை விட்டுவிட்டேன், மேற்பார்வையாளர் திட்டினார். மறுநாள் வேலைக்குப் போகாமல் முதலாளி வீட்டுக்குப் போனேன். கடிதத்தை எடுத்துப்போகவில்லை. வாயால் சொன்னேன். ஆறு மணி என்று நான் சொன்னது பொய், எட்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்தார், அவர்தான் தீ வைத்தார் என்று சொன்னேன்.

அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டார். "ரெண்டு வருஷமா ஊர்ல பாதிப் பேர் நாங்களே தீ வச்சுக்கிட்டோம்னு பேசுனாங்க" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி தன் கையைப் பார்த்துக்கொண்டே, "உன் சாட்சியை நான் அன்னைக்கே நம்பலை. ஆனா நீ அவனை நம்புனேன்னு தெரிஞ்சுது. அதனாலதான் உன்மேல கோபம் வரலை" என்றார். டீசலைப் பற்றியும் கேட்டேன். அது மருமகன் எடுத்து விற்றதாம். நீங்கள் சிறைக்குப் போன மூன்றாம் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். "சொல்லியிருக்கலாம். கை இப்படி ஆன பிறகு எனக்குச் சொல்ல மனசு வரலை" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியைக் கொடுத்துவிட்டார், இரும்பு விலைக்கே. ஒரே ஒரு நிபந்தனை. "அவன் வெளிய வந்த பிறகும் அதுல உக்காரக் கூடாது. உங்க நிலத்துக்கு என் வாசல் வழியாத்தான் போக வேண்டியிருக்கு. அவன் அதுல உக்கார்ந்து போறதை இவ பார்க்கக் கூடாது."

சரி என்றேன். உங்களைக் கேட்கவில்லை.


ஏப்ரல் 20

கீச்சு,

மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இன்னும் நான்கு வருடம் முழுசாக இருக்கிறது.

நீ எப்படிச் சரி என்று சொன்னாய்? நான் செய்ததற்குச் சிறையில் இருக்கிறேன், அது போதாதா? திருடன் மருமகன் என்று தெரிந்தும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதருக்கு நிபந்தனை போட என்ன யோக்கியதை இருக்கிறது? எனக்கு வேறு வேலை தெரியாது. வெளியே வந்து நான் என்ன செய்ய? நீ வண்டியில் முன்னால் போக, நான் பின்னால் நடந்து வரவா? நாலு பேர் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்கு நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய்.


ஜூன் 2

என்னங்க,

உடனே பதில் எழுதினால் கையில் வருவதை எழுதிவிடுவேன் என்று ஆறு வாரம் தள்ளிப்போட்டேன்.

வண்டி ஓடுகிறது. நீங்கள் எழுதியது சரிதான். எஞ்சின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒற்றைக் கண்ணாடி சீல் மாற்றி, வயர் இழுத்து, எங்கிருந்தோ ஒரு பழைய டயர் கொண்டுவந்து மாட்டினார். மே மாதம் ஒன்பதாம் தேதி கிளம்பியது. மூன்று முறை முனகியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் வரப்போகிறீர்கள் என்று பதினோரு வருடம் அடுப்பைப் பற்றவைத்தவள் நான். இப்போது அது என் காலடியில் கேட்கிறது.

ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம். வேலியை ஒருமுறை சாய்த்தேன். நிலம் முழுக்க உழுதாகிவிட்டது, கிழங்கு போட்டிருக்கிறேன். சால் கோணலாகத்தான் இருக்கிறது, கிழங்குக்குக் கோணல் தெரியாது. சீட்டு பின்னால் இருப்பதால் கிளட்ச் எட்டவில்லை, விளிம்பில் உட்கார்ந்து ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலாளி வீட்டைத் தாண்டும்போது அந்த அம்மா ஜன்னலைச் சாத்துவார். தினமும் சாத்துகிறார். தினமும் தாண்டுகிறேன்.

என் சாட்சியம் பொய் என்று நானே கோர்ட்டுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூப்பிடுவார்கள் என்கிறார்கள். அபராதமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ஏன் சரி என்று சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கையைப் பக்கத்தில் பார்த்தேன், அதனால். அந்தக் கை இனி ஸ்டீரிங் பிடிக்காது. உங்கள் கை பிடிக்கக் கூடாது என்று அவர் கேட்டது எனக்கு அதிகமாகப் படவில்லை. அவருக்கு யோக்கியதை இல்லை என்கிறீர்கள். யாருக்கு இருக்கிறது?

நான்கு வருடம் கழித்துச் சிறை வாசலில் வந்து நிற்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நிற்பேன் என்று எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும். வர மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை. இப்போதைக்குப் பார்க்க வரவில்லை. மகள் எழுதுவாள்.


ஜூன் 15

கீச்சு,

உன் கடிதம் வந்தது. ஏப்ரலில் நான் எழுதியதை நீ வைத்திருந்தால் கிழித்துவிடு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். சில விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஒற்றைக் கண்ணாடிக்கு இதெல்லாம் தெரியாது.

ஈர மண்ணில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் வேகத்தைக் கூட்டாதே, இன்னும் ஆழமாக இறங்கும். கலப்பையைத் தூக்கிவிட்டுப் பின்னால் எடு. மேட்டு நிலத்தில் இடது பக்கம் சாயும்போது பயந்து ஒரேயடியாகத் திருப்பிவிடாதே, கால்வாசித் திருப்பு போதும். வேலை முடிந்ததும் சட்டென்று அணைக்காதே, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அப்புறம் அணை.

சீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். விளிம்பில் உட்கார்ந்து ஓட்டாதே, ஒரு குழியில் இறங்கினால் தூக்கிப் போட்டுவிடும். சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும், அதில் ஐந்து துளை. என் காலுக்காகக் கடைசித் துளையில் போல்ட் போட்டிருக்கிறேன். பதினேழாம் நம்பர் ஸ்பானர். துருப்பிடித்திருக்கும், எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பு. முதல் துளைக்குக் கொண்டுவந்து இறுக்கிவிடு. இனி மாற்ற வேண்டியிருக்காது, நன்றாகவே இறுக்கு.